துணி டயப்பர் அட்டையில் நான் எழுதிய மூன்றாவது வரி

முதல் கேள்வி இன்னமும் அதேதான். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் புகார்களைக் கேட்க இப்போது மனிதர்கள் இல்லை. குழந்தையின் தோல் சிவந்திருக்கிறது, டயப்பர் கசிகிறது, நாற்றமடிக்கிறது என்று ஒரு தாய் போனில் தட்டினால், ஒரு கணினி நிரல் பதில் சொல்கிறது. அங்கே இன்னும் வேலை பார்க்கும் நித்யா அந்தத் திரையின் படத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, உங்க காலத்துல இத எப்படிப் பண்ணீங்கன்னு புதுசா வர்றவங்களுக்கு எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள். நிரல் கேட்டிருந்த முதல் கேள்வி: 'நீங்கள் எப்படித் துவைக்கிறீர்கள்?'

உங்கள் காலம் என்கிறாள். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன், விட்டு இரண்டு வருடம் ஆகிறது, திரும்பிப் போகமாட்டேன். அந்த அளவில் நான் ஓய்வு பெற்றவள்தான். அவள் கேட்டு நான்கு நாள் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

பவானியில் பள்ளி, ஈரோட்டில் டெக்ஸ்டைல் டிப்ளமோ, ஒரு சாயப்பட்டறையில் ஒரு வருடம், பிறகு பெங்களூரு. விவேக் நகரில் இரண்டு பெண்களோடு ஓர் அறை. படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். வேலை என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் விற்ற துணி டயப்பரில் இரண்டு பாகம். வெளியே தண்ணீர் கசியாத உறை. உள்ளே செருகும் பருத்தித் துணி, பல மடிப்பாகத் தைத்தது. சிறுநீரைக் குடிப்பது இந்த உள்துணிதான். நனைந்ததும் எடுத்துத் துவைத்துக் காயவைத்து மறுபடி செருக வேண்டும். ஒரே துணி ஒரு குழந்தை வளர்ந்து முடிக்கும்வரை நூற்றுக்கணக்கான முறை துவைக்கப்படும். ஆகவே எங்கள் தொழிலில் தைப்பது பாதி, துவைப்பது மீதி. அந்த மீதிதான் என் பொறுப்பு.

சொட்டுச் சோதனையை எல்லோருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். உள்துணி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். மேசையில் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். சொட்டுக்குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டின் மினுமினுப்பு போய், துணி வெறும் ஈரமாகத் தெரியும்வரை எண்ண வேண்டும். நான்கு மூலைகள், ஒரு நடு, ஆக ஐந்து இடம். புதுத் துணியைச் சில முறை துவைத்த பிறகு, இரண்டு எண்ணுவதற்குள் சொட்டு மறைந்துவிடும். ஐந்தைத் தாண்டினால் துணியில் ஏதோ படிந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஸ்பூன் இருந்தால் போதும். இதை எந்தப் புகாருக்கும் யாரும் செய்ததில்லை. துணி எங்களிடம் வந்தால்தானே செய்ய முடியும்? நாங்கள் துணியைக் கேட்டதே இல்லை. போட்டோ கேட்டோம்.

தரப் பிரிவின் தலைவர் ஹரீஷ் சார். மைசூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒன்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு டெங்கு வந்தபோது இரண்டு வாரம் விடுப்பு கொடுத்து, மூன்றாவது வாரத்தையும் அவராகவே சேர்த்தார். புகார்களைக் காலையில் நின்றுகொண்டே பார்ப்பார். படிவத்தில் 'காரணம்' என்று நான்கு கட்டங்கள் உண்டு: துணி, தையல், அளவு, உபயோகிப்பவர். நான் புகாரைப் படிக்க ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள், "எப்படித் துவைக்கிறாங்களாம்?" என்று கேட்பார். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேனா நான்காவது கட்டத்துக்குப் போய்விடும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பழக்கம். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் யாராவது எப்போதாவது கவனித்திருப்பார்கள்.

துவைக்கும் முறையை ஓர் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தோம். ஏழு வரிகள், தமிழிலும் கன்னடத்திலும். தமிழில் எழுதியவள் நான். மூன்றாவது வரி இது: 'பார் சோப்பு மட்டும் பயன்படுத்தவும். சலவைப் பவுடர் வேண்டாம்.' பவுடரைச் சரியாக அலசாவிட்டால் துணியில் தங்கிக் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும் என்பது என் காரணம். சோப்பை ஆய்வகத்தில் சோதித்துத்தான் எழுதினேன். ஐம்பது சலவைக்குப் பிறகும் சொட்டு இரண்டு எண்ணிக்கையில் மறைந்தது.

அந்த ஆய்வகம் இந்திரா நகரில் இருந்தது. குழாயில் வந்தது காவிரித் தண்ணீர்.

இந்த ஊரில் வீடு பார்க்கப் போகிற எவரும் கேட்கும் முதல் கேள்வி, "காவேரியா, போர்வெல்லா?" என்பதுதான். வாடகையைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். நானும் கேட்டுத்தான் விவேக் நகர் அறையைப் பிடித்தேன். அட்டை அச்சுக்குப் போவதற்கு முன், போர்வெல் தண்ணீரிலும் ஒரு சுற்று சோதிக்கலாமா என்று ஹரீஷ் சாரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "தண்ணி நம்ம ப்ராடக்ட் இல்லம்மா" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். போர்வெல்லில் வருவதுபோன்ற உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது டிப்ளமோ முதல் வருடப் பாடம். அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

அதற்கு அடுத்த வருடம், ஜீவனஹள்ளியில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கான ஒரு காப்பகத்துக்கு நிறுவனம் இலவசமாக டயப்பர்கள் கொடுத்தது. பிள்ளைக்குப் பன்னிரண்டு. துவைப்பது தாயின் வேலை. காலையில் துவைத்த துணிகளைப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும், மாலையில் நனைந்தவற்றை வாங்கிப்போக வேண்டும். எங்கள் ஆட்கள் போய் விளம்பரத்துக்குப் படமெடுத்துப் போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் காப்பகத்தின் பொறுப்பாளர் ஸ்டெல்லா மிஸ்ஸிடமிருந்து புகார் வந்தது. அமுலு என்பவரின் பத்து மாதக் குழந்தைக்குத் தொடையிடுக்கு முழுக்கச் சிவந்து தோல் உரிகிறது, துணிகள் கண் எரியும் அளவுக்கு நாறுகின்றன என்றார். புண் ஆறும்வரை குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். ஒன்று குழந்தையின் புண். மற்றது, ஓர் ஆயாவை வீட்டுக்கே அனுப்பி எடுத்த படம், துணி துவைக்கும் இடம்.

ஹரீஷ் சார் போட்டோவைப் பார்த்தார். கேள்வியைக் கேட்டார். டிக் போட்டார். நான் வழக்கமான பதிலை அனுப்பினேன்: அட்டையில் உள்ளபடி துவைக்கச் சொல்லவும்.

அத்தோடு முடியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி இருந்தது. 'தவறான பராமரிப்பு' என்ற தலைப்பில் அந்த இரண்டு போட்டோக்களையும் சேர்க்கச் சொன்னார் சார். சேர்த்தேன். திரையில் போட்டு, நின்று, விளக்கினேன். சுத்தம் பற்றிய புரிதல் எல்லாத் தரப்பிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

லேப்டாப்பில் கையளவு இருந்த படம் சுவரளவு பெரிதாக நின்றது. அமுலு வீட்டுத் துவைகல், அதற்குப் பின்னால் சுவர், சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எங்கள் அட்டை. நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, நிற்பவரின் கண் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எங்கள் அட்டையை யாரும் அப்படி மாட்டி நான் பார்த்ததில்லை. பெட்டியோடு குப்பைக்குப் போகும் அட்டை அது. ஆணி அடித்து மாட்டியவர் துவைக்கத் தெரியாதவர் என்று திரையில் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அமுலுவுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். காக்ஸ் டவுன் பக்கம் நான்கு வீடுகளில் வேலை. குழந்தையைக் காப்பகம் சேர்க்காததால் எட்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. நான் யார் என்று சொன்னதும் கதவை முழுதாகத் திறக்காமல் நின்றார்.

"இன்னா மேடம், எப்டித் தோய்க்கிறதுன்னு கிளாஸ் எடுக்க வந்தீங்களா?"

எடுக்க வரவில்லை, பார்க்க வந்தேன், நீங்கள் எப்போதும் துவைப்பதுபோலத் துவைத்துக் காட்டுங்கள் என்றேன். கதவைத் திறந்துவிட்டார். பிறகு குழந்தையைப் பக்கத்து வீட்டு ராணியிடம் கொடுத்துவிட்டு வந்தார். குழந்தையின் இடுப்பில் துணி இல்லை. டாக்டர் களிம்பு கொடுத்துக் காற்றாட விடச் சொல்லியிருந்தார். புண்ணைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிடப் பரவாயில்லை. இருந்தாலும் பார்க்கும்படி இல்லை.

துவைகல்லுக்கு முன் நின்று அமுலு துவைக்க ஆரம்பித்தார். அட்டையைப் பார்க்கவே இல்லை, வரி வரியாகச் சொல்லிக்கொண்டே செய்தார். "ஒண்ணு, அழுக்கத் தட்டிடணும். ரெண்டு, ஒடனே பச்சத் தண்ணில அலசணும். மூணு, பார் சோப்பு, பவுடர் வாணாம்." சோப்பைத் தேய்த்தார், கசக்கினார், மறுபடி தேய்த்தார். நுரை வரவில்லை. வாளியில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக ஏதோ மிதந்தது. "நாத்தம் வருதுன்னு மிஸ்ஸு சொன்னதுலேர்ந்து சோப்ப ரெண்டு பங்கா போட்றேன்" என்றார். இரண்டு கைகளிலும் விரல் இடுக்குகள் வெடித்திருந்தன.

குழந்தையை வைத்துக்கொண்டிருந்த ராணி வாசலிலிருந்து சிரித்தார். அவருடைய பிள்ளையும் அதே காப்பகம், அதே டயப்பர்.

"நானு அட்டையும் படிக்கல ஒண்ணியும் படிக்கல. பவுடரக் கொட்டுனேன், நாலு அடி அடிச்சேன், காயப்போட்டேன். எம் புள்ளைக்கு ஒண்ணியும் இல்ல. இவதான் பெரிய படிப்பாளி, ஒவ்வொண்ணா எண்ணிக்கினு நிப்பா."

துவைக்கிற தண்ணீர் எது என்று கேட்டேன். தெருவுக்குப் பொதுவான போர்வெல் குழாய். காவிரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும், டிரம்மில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள். இரண்டு காலி பாட்டில் வாங்கினேன். ஒன்றில் போர்வெல், மற்றதில் டிரம் தண்ணீர், இரண்டிலும் அதே சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்கினேன். டிரம் தண்ணீரில் பாட்டிலின் கழுத்துவரை நுரை. போர்வெல்லில் நுரையே இல்லை, தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்குகள் மட்டும் மிதந்தன. அந்தத் துணுக்கு மெழுகு மாதிரி. துணியின் ஒவ்வொரு இழையிலும் போய் ஒட்டும். அலசினால் போகாது. ஒட்டிய துணி தண்ணீரைக் குடிக்காது, சிறுநீர் உள்ளே போகாமல் குழந்தையின் தோலிலேயே நிற்கும். துணிக்குள் மாட்டிக்கொண்ட அழுக்கு, நனையும்போதெல்லாம் நாறும். நாற்றம் போகச் சோப்பை அதிகம் போட்டால் மெழுகும் அதிகமாகும். பவுடர் அப்படித் திரியாது. அதனால்தான் ராணியின் பிள்ளை தப்பித்தது.

கொடியில் காய்ந்திருந்த ஒரு உள்துணியை எடுத்துத் தரையில் விரித்து, ஸ்பூனால் ஒரு சொட்டு விட்டேன். சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல உருண்டு நின்றது. அறுபதுவரை எண்ணினேன். அப்படியே நின்றது.

"அமுலு, நீங்க துவைச்சதுல தப்பு இல்ல. அட்டைதான் தப்பு. மூணாவது வரி. அத எழுதினது நான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? நான் சுத்தமா தோய்ச்சேன்னு எனக்குத் தெரியும். காப்பகத்து வாசல்ல, அத்தினி பேர் எதிர்ல, 'சுத்தம் தெரியாதவளுக்கு டயப்பர் ஒரு கேடா'ன்னு கேட்டாங்க மிஸ்ஸு. அங்க போயி சொல்லுங்க."

அவரிடம் அப்போதைக்குச் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். கொதிக்கிற தண்ணீரில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்துத் துணிகளை ஊற வைக்க வேண்டும், பிறகு கொஞ்சமாகப் பவுடர் போட்டுத் துவைத்து, நுரை அடங்கும்வரை அலச வேண்டும். ராணி வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நான்கு துணிகளை அன்றைக்கே செய்து பார்த்தோம். ஊறிய தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்தது. நல்ல வெயில். மூன்று மணிக்குச் சொட்டு விட்டபோது இரண்டு எண்ணுவதற்குள் மறைந்தது. ராணி ஆச்சரியப்பட்டார். அமுலு படவில்லை. வேலையாகச் செய்து முடித்தார்.

திங்கட்கிழமை ஹரீஷ் சாரிடம் நான்கு விஷயம் கேட்டேன். புகாரில் போட்ட டிக்கை மாற்ற வேண்டும். பயிற்சியிலிருந்து போட்டோக்களை எடுக்க வேண்டும். இதுவரை அட்டை போன எல்லோருக்கும் மூன்றாவது வரி தவறு என்று தெரிவிக்க வேண்டும். காப்பகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பாட்டில்களையும் மேசையில் வைத்தேன். அவற்றைப் பார்த்தார், எனக்குக் காபி வரவழைத்தார். கெமிஸ்ட்ரி சரி என்று ஒப்புக்கொண்டார். போட்டோக்களை எடுத்துவிடலாம், அடுத்த அச்சில் வரியை மாற்றிவிடலாம், அந்தப் பெண்ணுக்கு இரண்டு புது செட் கொடுத்துவிடலாம் என்றார். டிக்கைப் பற்றியும் மற்றவர்களுக்குத் தெரிவிப்பதைப் பற்றியும் பேச்சே எடுக்கவில்லை. கடிதம் கூடவே கூடாது என்றார்.

"லெட்டர்ல எழுதினா நாமே தப்புன்னு சொன்ன மாதிரி ஆகும்மா."

"நாமதான் சார் தப்பு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

ஒன்பது வருடமாக நான்காவது கட்டத்தில் விழுந்த ஒவ்வொரு டிக்கும் அவர் பேனாவின் நுனியில் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் வீட்டில் போர்வெல் தண்ணீர்? எத்தனை பேர் எங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள்? படிவத்தில் தண்ணீருக்குக் கட்டமே இல்லை. ஆகவே யாருக்கும் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை.

காப்பகத்துக்கான கடிதத்தை நானே, கம்பெனித் தாள் இல்லாமல், வெள்ளைத் தாளில், என் பெயரில், என் பதவியைப் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்காக என்னை வாடிக்கையாளர்களோடு பேசக்கூடாது என்று வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், ஒன்றரை மாதத்தில் நானே விலகினேன். அந்தக் கதையை இழுக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் காப்பக வாசலில் நின்றேன். பிள்ளைகளை விட வரும் நேரம், பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அமுலு குழந்தையோடு வந்து ஓரமாக நின்றார். ஸ்டெல்லா மிஸ் வருகைப் பதிவேட்டோடு வாசலுக்கு வந்ததும் கடிதத்தை நீட்டினேன். நின்ற இடத்திலேயே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். முகம் மாறியது. பிறகு அமுலுவைப் பார்த்து, "சரிம்மா, உள்ள வா, பேசிக்கலாம்" என்றார்.

அமுலு நகரவில்லை.

"உள்ள வாணாம் மிஸ். அன்னிக்கு வாசல்லதான சொன்னீங்க. இன்னிக்கும் இங்கியே சொல்லுங்க."

மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா மிஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு அறுபது வயது இருக்கும். நாங்கள் அனுப்பிய பதிலை நம்பித்தான் அவர் அப்படிப் பேசியிருந்தார், அதையும் நான் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவர் அந்தப் பதிலின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை.

"அமுலு சுத்தமாத்தான் தொவச்சிருக்கா. கம்பெனி குடுத்த அட்டைதான் தப்பு. நான் விசாரிக்காம பேசிட்டேன். அது என் தப்பு."

"கன்னடத்துலயும் சொல்லுங்க மிஸ்" என்றார் அமுலு. "அன்னிக்கு ரெண்டுலயும்தான் சொன்னீங்க."

மிஸ் கன்னடத்திலும் சொன்னார். ஒரு சொல் குறையாமல் வருகிறதா என்று அமுலு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் குழந்தையைக் கொடுத்தார். கூடவே துணிப்பையையும் கொடுத்தார். மிஸ் திறந்து பார்த்தபோது நானும் பார்த்தேன். எங்கள் டயப்பர் ஒன்றுகூட அதில் இல்லை, சனிக்கிழமை சரிசெய்த அந்த நான்கும் இல்லை. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, ஒரே அளவில் மடித்து அடுக்கியிருந்தார்.

வேலை எப்படி இருக்கிறது என்று அமுலுவிடம் கேட்டேன். இரண்டு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்றார். மீதி இரண்டுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.